தலை திரும்பிய கோணம், கால் நடந்த வேகம்: மூளையின் வழிக்கணக்கை ஒரு போனை வைத்துப் பழகும் முறை

யாங்கோன் நகர மையத்தில் வழி தவறக் காரணமே இருக்கக் கூடாது. வடக்கு தெற்காக எண் போட்ட தெருக்கள். குறுக்கே ஸ்ட்ராண்ட், மெர்ச்சன்ட், மகா பந்துலா, அனவ்ரதா, போஜோ அவுங் சான் என்று ஐந்து பெரிய சாலைகள். தெரு எண் மேற்கிலிருந்து கிழக்கே கூடிக்கொண்டு போகும், தெற்கே ஆறு. அப்படியிருந்தும் டாக்சியில் வந்து அனவ்ரதா சாலையில் இறங்குகிறவர்கள் காளி கோயில் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஒரு நிமிடம் திகைக்கிறார்கள். கோயில் இருக்கும் இடம் மறந்துபோகவில்லை. வண்டிக்குள் உட்கார்ந்திருந்த நேரத்தில் ‘நான் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறேன்’ என்ற கணக்குத்தான் பிசகிவிட்டது.

அந்தக் கணக்கை மூளை எப்படிப் போடுகிறது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஒருமுறை போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது. மேல்வகுப்பு, கல்லூரி மாணவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. கைரோஸ்கோப் உள்ள ஒரு போன், பைபாக்ஸ் என்ற இலவசச் செயலி, ஒரு விரிதாள் மென்பொருள், 10 மீட்டர் அளவு நாடா, சாக்குக்கட்டி, கண் கட்ட ஒரு துணி, காதடைப்பான், ஒரு சுழல் நாற்காலி, உடன் ஒரு ஆள் ஆகியவை போதும். பைபாக்ஸ் ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவானது. ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலே வேலை செய்யும் என்பதால் மின்சாரமும் இணையமும் போய்ப் போய் வரும் நம் ஊருக்குப் பொருத்தம்.

முதலில், எந்த நரம்புச் செல் எதை அளக்கிறது

தலைத்திசைச் செல்லை 1984-இல் ஜேம்ஸ் ராங்க் எலியின் மூளையில், போஸ்ட்சுபிகுலம் என்ற பகுதியில் கண்டார். ஜெஃப்ரி டௌபே, ராபர்ட் முல்லர், ராங்க் மூவரும் 1990-இல் அதை விரிவாக அளந்து எழுதினார்கள். ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு விருப்பத் திசை உண்டு. எலி அறையில் எங்கே நின்றாலும், தலை அந்தத் திசையை நோக்கும்போது அந்தச் செல் வேகமாகத் துடிக்கும், அதாவது மின்துடிப்புகளை அடுத்தடுத்து அனுப்பும். தலை இருபுறமும் சுமார் 45 டிகிரி விலகினால் அடங்கிவிடும். ஆக ஒரு செல்லின் பங்கு ஏறத்தாழ 90 டிகிரி அகலம். வெவ்வேறு செல்களின் விருப்பத் திசைகள் வட்டம் முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. இதை ‘மூளையின் திசைகாட்டி’ என்று எழுதுவது வழக்கம். அதனால் பலரும் காந்த வடக்கை நினைத்துக்கொள்கிறார்கள். இந்தச் செல்களுக்கும் காந்தத்துக்கும் சம்பந்தமில்லை. எந்தத் திசையை எந்தச் செல் எடுத்துக்கொள்ளும் என்பதை அந்தந்த இடத்தின் அடையாளங்கள் தீர்மானிக்கின்றன. மாறாமல் இருப்பது ஒன்றுதான்: இரண்டு செல்களின் விருப்பத் திசைகளுக்கு இடையே உள்ள கோணம். ஒன்று 30 டிகிரி நகர்ந்தால் மற்றதும் கூடவே 30 டிகிரி நகரும்.

அடுத்தது திருப்பவேகச் செல்கள். இவை மூளைத்தண்டில், டார்சல் டெக்மென்டல் கருவில் நிறைய உள்ளன. தலை எங்கே பார்க்கிறது என்பதைவிட நொடிக்கு எத்தனை டிகிரி திரும்புகிறது என்பதையே இவை முக்கியமாகச் சொல்கின்றன. சில செல்கள் இடது, வலது எந்தத் திருப்பத்துக்கும் துடிப்பைக் கூட்டும். சில ஒரு பக்கத் திருப்பத்துக்குக் கூட்டி, மறுபக்கத்துக்குக் குறைக்கும். இந்த இரண்டாவது வகைதான் திசைக் கணக்குக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது. தலைத்திசைச் செல்களை விருப்பத் திசைப்படி ஒரு வளையமாக வரிசைப்படுத்தி நினைத்துக்கொண்டால், எந்த நேரத்திலும் வளையத்தின் ஒரு பகுதி மட்டும் கிளர்ந்திருக்கும். வலத் திருப்பச் செல்கள் அந்தக் கிளர்ச்சியை ஒரு பக்கமாகத் தள்ளும், இடத் திருப்பச் செல்கள் மறுபக்கமாகத் தள்ளும். 1990-களில் இது வெறும் கணித மாதிரி. 2015-இல் சீலிக், ஜெயராமன் இருவரும் பழ ஈயின் மூளையில் கண்ணால் பார்க்கும்படியான ஒரு வளையத்திலேயே இப்படி ஒரு கிளர்ச்சி ஈ திரும்பத் திரும்ப நகர்வதைக் காட்டினார்கள். கோட்பாட்டில் வரைந்த படம் அப்படியே உடற்கூறில் கிடைப்பது நரம்பியலில் அபூர்வம்.

மூன்றாவது வேகச் செல்கள். 2015-இல் குரோப், மோசர் தம்பதியர் குழு எலியின் என்டோரைனல் புறணியில் கண்டது. ஓட்ட வேகம் கூடக் கூடத் துடிப்பும் ஏறத்தாழ நேர்கோட்டில் கூடும். இடமோ திசையோ வெளிச்சமோ மாறினாலும் அந்த உறவு பெரிதாக மாறாது. அதே புறணியில்தான் 2005-இல் அறிவிக்கப்பட்ட, தரையை ஒழுங்கான வலைப்புள்ளிகளாகக் குறிக்கும் கட்டவலைச் செல்களும் உள்ளன. திசையும் வேகமும் சேர்ந்து ‘இப்போது எங்கே இருக்கிறேன்’ என்ற விடையாக மாறும் இடங்களில் அது ஒன்று.

இந்த ஏற்பாட்டில் உள்ளே வருவது வேகம், வெளியே போவது திசையும் இடமும். நொடிக்கு நொடி கூட்டிக்கொண்டே போகும் எந்தக் கணக்கிலும் சிறு பிழையும் சேர்ந்துகொண்டே போகும். இனி வரும் பயிற்சிகள் அனைத்தும் அந்தப் பிழையைப் பார்க்கத்தான்.

திருப்பத்தைக் கூட்டுவது

பைபாக்ஸில் கைரோஸ்கோப் பதிவைத் திறங்கள். விலை குறைந்த சில போன்களில் கைரோஸ்கோப்பே கிடையாது. அப்படியானால் வேறு போன் பாருங்கள், காந்தமானியை வைத்துச் சமாளிக்க முயல வேண்டாம். கட்டடக் கம்பி, இரும்புக் கதவு, ஜெனரேட்டர் எல்லாம் காந்தமானியைக் குழப்பும். அதோடு, நாம் பார்க்க வேண்டிய பிழையையே அது மறைத்துவிடும்.

போனைத் திரை மேலே இருக்கும்படி தரையில் வைத்து 30 நொடி அசையாமல் பதிவு செய்யுங்கள். இசட் அச்சின் (திரைக்குச் செங்குத்தான அச்சு) மதிப்பு பூச்சியமாக இருக்க வேண்டும். பெரும்பாலும் இருக்காது. அதன் சராசரிதான் உங்கள் போனின் நிலைப்பிழை. குறித்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 0.01 ரேடியன் அற்பமாகத் தெரியும். டிகிரியாக மாற்றினால் நொடிக்கு 0.57. ஐந்து நிமிடத்தில் 172 டிகிரி. அதாவது மேசையில் சும்மா கிடக்கும் போன், தான் கிட்டத்தட்டப் பின்பக்கமாகத் திரும்பிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும்.

பிறகு போனை இரண்டு கையாலும் நெஞ்சோடு ஒட்டி, கிடைமட்டமாகப் பிடியுங்கள். லோஞ்சி (கைலி) இடுப்பில் செருகினால் ஒவ்வொரு அடிக்கும் ஆடி, திருப்பம் இல்லாத இடத்திலும் திருப்பம் காட்டும். தரை ஓட்டின் கோட்டோடு பாதத்தை ஒட்டி நின்று, வலப்பக்கம் சரியாக 90 டிகிரி திரும்பி, மூன்று நொடி நின்று, பதிவை நிறுத்துங்கள். செயலியில் நேரம் குறித்துத் தானே தொடங்கி நிற்கும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்தினால் திரையைத் தொடும் அதிர்வு பதிவில் விழாது.

தரவை ஏற்றுமதி செய்து விரிதாளில் திறங்கள். நேரம் ஒரு பத்தியிலும் இசட் அச்சின் கோணவேகம் இன்னொன்றிலும் இருக்கும். புதிய பத்தியில் கோணவேகத்திலிருந்து நிலைப்பிழையைக் கழித்து 57.3-ஆல் பெருக்குங்கள். அதற்கடுத்த பத்தியில், மேல் வரிசையின் கூட்டுத்தொகையோடு இந்த வரிசையின் மதிப்பையும் இரண்டு வரிசைகளுக்கு இடைப்பட்ட நேரத்தையும் பெருக்கி வந்ததைச் சேருங்கள். கடைசி வரிசை −90-க்கு ஒன்றிரண்டு டிகிரி முன்பின்னாக வர வேண்டும். இடது திருப்பம் கூட்டல், வலது கழித்தல். −70 வந்தால் போன் கிடைமட்டமாக இல்லை, சாய்ந்திருந்தது. எலி தலையைச் சாய்க்கும்போது மூளைக்கும் இதே சிக்கல் உண்டு. அதனால்தான் ஈர்ப்பின் திசையையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இது வந்துவிட்டால் காலையில் கூட்டம் சேர்வதற்கு முன் ஒரு தெருக்கட்டத்தைச் சுற்றி வாருங்கள். நான்கு வலத் திருப்பம், புறப்பட்ட இடம், புறப்பட்ட திசை. கூட்டுத்தொகை −360 ஆக வேண்டும். வராத மிச்சத்தை நடந்த நிமிடங்களால் வகுத்தால் உங்கள் கணக்கு நிமிடத்துக்கு எவ்வளவு நழுவுகிறது என்பது கிடைக்கும். நடக்கும்போது பார்வை நடைபாதையில் இருக்கட்டும், திரையில் வேண்டாம். ஆனால் திரை அணையவும் விடக்கூடாது, சில போன்களில் பதிவு நின்றுவிடும்.

நம் காதில் கைரோஸ்கோப்பின் வேலையைச் செய்வது பக்கத்துக்கு மூன்றாக உள்ள அரைவட்டக் குழாய்கள். அவற்றில் பெரிய குறை, ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டே இருந்தால் உள்ளே திரவமும் சேர்ந்து சுழலத் தொடங்கி, சமிக்ஞை தேய்ந்துவிடும். சுழல் நாற்காலியில் ஒருவரைக் கண்ணை மூடி உட்காரவைத்து, 6 நொடிக்கு ஒரு சுற்று வீதம் ஒரு நிமிடம் சீராகச் சுற்றுங்கள். மடியில் போன் பதிவாகிக்கொண்டிருக்கட்டும். ஒவ்வொரு சுற்று முடிந்ததாகத் தோன்றும்போதும் அவர் வாய்விட்டு எண்ண வேண்டும். 20, 30 நொடிக்குப் பிறகு எண்ணிக்கை இழுத்துக்கொண்டே போகும், சிலர் ‘நின்றுவிட்டதே’ என்பார்கள். நிறுத்தியதும் எதிர்ப்பக்கம் சுழல்வதாகச் சொல்வார்கள். போன் 3600 டிகிரி காட்டும், அவர் எண்ணியது குறைவாக இருக்கும். தலைசுற்றல், கழுத்துவலி, வலிப்பு உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் இதில் உட்காரவைக்காதீர்கள். சாப்பிட்ட உடனேயும் வேண்டாம்.

மிக மெதுவான திருப்பத்தைக் காது கவனிப்பதே இல்லை. யாங்கோன் சுற்று ரயில் ஏறத்தாழ 46 கிலோமீட்டர் வளையம், முழுச் சுற்றுக்கு மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். சராசரியாகப் பார்த்தால் நிமிடத்துக்கு 2 டிகிரி. காது உணரத் தொடங்குவது நொடிக்கு ஒரு டிகிரி அளவில்தான். வளைவுகளில் ரயில் சராசரியைவிடக் கூடுதலாகத் திரும்புகிறது என்றாலும், ஜன்னலை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரே நேர்க்கோட்டில் போவதாகத்தான் இருக்கும்.

வேகத்துக்கு அடிகளை எண்ணுங்கள்

இங்கே புதியவர்கள் எல்லோரும் ஒரே குழியில் விழுகிறார்கள். போனில் முடுக்கமானி இருக்கிறது, அதை ஒருமுறை கூட்டினால் வேகம், இன்னொருமுறை கூட்டினால் தூரம் என்று தொடங்குவார்கள். கணிதம் சரி, நடைமுறை சரியில்லை. முடுக்கத்தில் 0.05 மீட்டர்/நொடி² அளவு நிலைப்பிழை இருந்தால், ஒரு நிமிடத்தில் தூரத்தில் வரும் பிழை அரை × 0.05 × 3600, அதாவது 90 மீட்டர். நின்ற இடத்திலிருந்தே 90 மீட்டர் போய்விடுவீர்கள்.

காதில் உள்ள செவிக்கற்களும் முடுக்கமானிதான். சீரான வேகத்தில் போகும்போது அவற்றுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எனவே மூளை காலுக்குத் தான் கொடுத்த கட்டளை, தசையிலிருந்து வரும் தகவல், கண்ணில் காட்சி ஓடும் வேகம் ஆகியவற்றையும் நம்பியிருக்கிறது. எலியைத் தானாக நடக்கவிடாமல் வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனால் தலைத்திசைச் செல்கள் திசையைச் சரியாக எடுத்துச் செல்வதில்லை என்று 2003-இல் டௌபேயின் ஆய்வகம் காட்டியது. டாக்சியில் வந்தவரின் திகைப்பு இதோடு பொருந்துகிறது.

ஆகவே அடிகளை எண்ணுங்கள். பைபாக்ஸில் கூட்டல் குறியைத் தொட்டு, கைரோஸ்கோப், முடுக்கமானி இரண்டையும் ஒரே பதிவில் சேர்க்கலாம். முடுக்கத்தின் மொத்த மதிப்பில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு மேடு தெரியும். சாதாரண நடையில் நொடிக்கு இரண்டு மேடு அளவில் வரும். அடி நீளத்துக்கு 20 மீட்டர் அளந்து நடந்து, அடிகளால் வகுங்கள். 30 அடி என்றால் 0.67 மீட்டர். மெதுவாக, இயல்பாக, வேகமாக என மூன்று முறை அளக்க வேண்டும். மெதுவாக நடக்கும்போது அடி குறுகும். ஒரே அடி நீளத்தை எல்லா வேகத்துக்கும் போட்டால் மெதுவாக நடந்த பகுதிகள் வரைபடத்தில் நீண்டுவிடும்.

இனி ஒவ்வொரு அடிக்கும் அந்த நேரத்துத் திசையை எடுத்து, அடி நீளத்தை அதன் சைனால் பெருக்கி ஒரு பத்தியிலும் கொசைனால் பெருக்கி இன்னொன்றிலும் கூட்டிக்கொண்டே போனால் நடந்த பாதை படமாக வரும். சைன் போடும் முன் டிகிரியை ரேடியனாக்க மறந்தால் பாதை நூல்கண்டு போலச் சிக்கிக்கொள்ளும். முதலில் அதைப் பாருங்கள்.

பாதை பிசகியிருந்தால் பெரும்பாலும் குற்றவாளி திசைதான். 100 மீட்டர் நடையில் அடி நீளம் 10 சதவீதம் தவறினால் 10 மீட்டர் முன்பின் ஆகும், அவ்வளவே. தொடக்கத்தில் திசை 10 டிகிரி தவறினால் 17 மீட்டர் பக்கவாட்டில் விலகுவீர்கள், அதற்குப் பிறகு நடக்கும் ஒவ்வொரு அடியும் அந்தத் தவறான திசையிலேயே விழும்.

இப்போது போன் இல்லாமல், கண்ணைக் கட்டி

மாடியில் செய்யாதீர்கள். சமதரை மைதானமோ பெரிய கூடமோ வேண்டும். சாக்குக்கட்டியால் ஒரு செங்கோண முக்கோணம் போடுங்கள்: 4 மீட்டர், இடப்பக்கம் 90 டிகிரி, 3 மீட்டர். கண் கட்டியவரை உடன் இருப்பவர் தோளைத் தொட்டு இந்த இரண்டு பக்கமும் நடத்திவிட்டு, ‘புறப்பட்ட இடத்துக்குப் போங்கள்’ என்று விட்டுவிட வேண்டும். சரியான விடை இடப்பக்கம் 127 டிகிரி திருப்பம், 5 மீட்டர் நடை. நின்ற இடத்தைக் குறித்து, திருப்பப் பிழையையும் தூரப் பிழையையும் தனித்தனியாக அளங்கள். இரண்டையும் ஒன்றாக்கி ‘இவ்வளவு தள்ளி நின்றார்’ என்று மட்டும் எழுதினால் பயிற்சியின் பயனே போய்விடும். திரும்ப வேண்டிய கோணம் மாறும்படி வேறு வடிவ முக்கோணங்களையும் செய்து பார்த்தால் இன்னொன்று தெரியும்: பெரிய திருப்பத்தை மனிதர்கள் குறைவாகவும் சிறிய திருப்பத்தைக் கூடுதலாகவும் திரும்புகிறார்கள். 1993-இல் லூமிஸ் குழு கண்ட போக்கு இது.

விடை ஆச்சரியமாகத் துல்லியமாக வந்தால் முதலில் சந்தேகப்படுங்கள். முகத்தில் ஒரு பக்கம் வெயில் படுகிறதா? ஒரு மூலையில் மின்விசிறியோ ஜெனரேட்டரோ ஓடுகிறதா? உடன் இருப்பவர் ஒரே இடத்தில் நின்று பேசுகிறாரா? எல்லாமே அடையாளங்கள், மூளை அவற்றைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளும். நிழலில், காதடைப்பான் போட்டு, பேச்சில்லாமல் செய்ய வேண்டும்.

அடையாளம் எங்கே இருக்க வேண்டும்

டௌபே குழு பயன்படுத்திய உருளை அரங்கு 76 சென்டிமீட்டர் விட்டம். சுவரில் 100 டிகிரி அகலத்துக்கு ஒரு வெள்ளை அட்டை. எலி பார்க்காதபோது அட்டையை 90 டிகிரி நகர்த்தி வைத்தால், செல்களின் விருப்பத் திசையும் ஏறத்தாழ அதே அளவு நகர்ந்தது. கூட்டிக் கூட்டிச் சேர்ந்த பிழையை அழித்துத் திருத்துவது இந்த அடையாளங்கள்தான். இருட்டில் சில நிமிடங்களிலேயே செல்கள் நழுவத் தொடங்கும்.

ஆனால் எல்லா அடையாளமும் உதவாது. 2001-இல் சுகாரோ, பெர்தோஸ், வீனர் மூவரும் காட்டியது: அருகிலும் பின்னணியிலும் பொருள்கள் இருக்கும்போது தலைத்திசைச் செல்கள் பின்னணியில் உள்ளவற்றையே பிடித்துக்கொள்கின்றன. காரணம் எளிது. அருகில் உள்ள பொருள் நாம் இரண்டு அடி நகர்ந்தாலே வேறு திசைக்குப் போய்விடும், தொலைவில் உள்ளது போகாது.

சூலே பகோடாவை இந்தக் கண்ணோடு பாருங்கள். நகரத்துக்கே பெரிய அடையாளம், ஆனால் சாலையின் நடுவில் நிற்கிறது, எட்டுப்பட்டை. அதைச் சுற்றி நடக்கும்போது எந்தப் பட்டையும் அடுத்த பட்டையைப் போலவே இருக்கிறது. ‘சூலேவுக்கு வந்துவிட்டேன்’ என்று இடத்தைச் சொல்லும், ‘எந்தப் பக்கம் பார்த்திருக்கிறேன்’ என்பதைச் சொல்லாது. திசைக்கு மாநகர மண்டபத்தையோ மகா பந்துலா பூங்காவின் சுதந்திரத் தூணையோ பிடிக்க வேண்டும். ஷ்வேடகானில் நான்கு திசைக்கும் நான்கு படிக்கட்டு. வலம் வந்து முடித்தவர்கள் செருப்பை விட்ட படிக்கட்டு எது என்று தேடுவது அங்கே அன்றாடக் காட்சி. எட்டுத் திசைக்கும் கிழமைப்படி வைத்த கிரகக் கம்பங்கள் அங்கே இருப்பதால், ஏறி வந்ததும் எதிரே உள்ள கம்பத்தைப் பார்த்துவைத்தால் போதும். திங்கள் கிழக்கு, வியாழன் மேற்கு, வெள்ளி வடக்கு, புதன் காலை தெற்கு.

உண்மையான செல் பதிவைத் தொட விரும்புவோருக்கு

பைத்தான் நிரல்மொழி தெரிந்தால், நரம்பியல் தரவுகளைப் பகிரும் சிஆர்சிஎன்எஸ் தளத்தில் டிஎச்-1 என்ற பொதுத் தரவு இருக்கிறது. பெய்ராஷ், பீட்டர்சன், புஜாகி வெளியிட்ட, சுண்டெலிகளின் தாலமஸ் (மூளையின் நடுப்பகுதியில் உள்ளது), போஸ்ட்சுபிகுலம் பதிவுகள். இலவசக் கணக்கு ஒன்று திறக்க வேண்டும். கோப்புகள் பெரியவை. ஒரே ஒரு அமர்வை மட்டும், விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியோடு இறக்குங்கள்.

வட்டத்தை 6 டிகிரி வீதம் 60 கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் விழுந்த துடிப்புகளை, தலை அந்தத் திசையில் இருந்த நேரத்தால் வகுக்க வேண்டும். இந்த வகுத்தலை விட்டால், சுண்டெலி ஒரு மூலையையே பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாச் செல்லும் தலைத்திசைச் செல்லாகிவிடும். ஓடும் திசையைத் தலைத்திசை என்று எடுப்பது இன்னொரு பரவலான தவறு. தலையில் பொருத்திய இரண்டு விளக்குகளின் கோடுதான் தலைத்திசை. கிடைத்த வளைவு தற்செயலா என்று பார்க்க, துடிப்பு நேரங்களை 20 நொடிக்குக் குறையாமல் தோராயமாக நகர்த்தி 500 முறை திரும்பக் கணக்கிடுங்கள். சராசரித் திசையன் நீளம் (துடிப்புகள் ஒரே திசையில் எவ்வளவு குவிகின்றன என்பதன் அளவு) அந்த 500-இல் 99-ஆவது சதமானத்தைத் தாண்டினால்தான் செல்லை ஏற்கலாம். 50 முறைக்கு ஒருமுறை முடிவைச் சேமியுங்கள், மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

திருப்பவேகத்துக்கு இடது, வலது இரண்டையும் தனித்தனிக் கோடாகப் பொருத்துங்கள். ஒரே கோடு போட்டால், இருபக்கத்துக்கும் துடிப்பைக் கூட்டும் செல் ‘தொடர்பில்லை’ என்று விழுந்துவிடும். ஓட்ட வேகத்துக்கு நொடிக்கு 2 சென்டிமீட்டருக்குக் குறைந்த நேரங்களை நீக்குங்கள். ஓடும்போது தலைத்திருப்பமும் மாறுவதால், ஒன்றின் விளைவு மற்றதாகத் தோன்றும். ஒரே ஓட்ட வேகத்தில் உள்ள நேரங்களை மட்டும் எடுத்து, திருப்பவேகத்தை மறுபடி சோதிக்க வேண்டும்.

கடைசியாக நேரம். தாலமஸின் முன்-மேல் கருவில் உள்ள தலைத்திசைச் செல்கள் தலைக்குச் சுமார் 25 மில்லிநொடி முந்துகின்றன. வலத் திருப்பத்துக்கு ஒரு வளைவு, இடத் திருப்பத்துக்கு ஒரு வளைவு என்று பிரித்து வரைந்தால், நொடிக்கு 200 டிகிரி திருப்பத்தில் இரண்டின் உச்சிகளும் 10 டிகிரி விலகி நிற்கும். 6 டிகிரிக் கட்டத்தில் அது சரியாகத் தெரியாது, 2 டிகிரிக்குக் குறையுங்கள். அந்தக் கருவிலேயே உங்களுக்கு 60, 70 மில்லிநொடி வந்தால் கேமராவின் தாமதத்தைப் பாருங்கள். கேமரா பிந்தினால், செல் உண்மையில் முந்துவதைவிடக் கூடுதலாக முந்துவதாகத் தெரியும்.